பெருவட்டத் தூரம்: காகத்துக்கு இதில் என்ன வேலை?

வெள்ளவத்தையில் ஒரு பயண முகவர் நிலையம் விநியோகிக்கும் துண்டுப்பிரசுரத்தில் 'கொழும்பு – லண்டன் நேர்கோட்டுத் தூரம் சுமார் 8,700 கி.மீ.' என்று இருக்கிறது. எண் சரி, சொல் பிழை. பத்திரிகை மொழிபெயர்ப்பாளர்களோ இன்னும் ஒருபடி மேலே போய்க் 'காகம் பறக்கும் தூரம்' என்கிறார்கள்.

சரியான சொல் பெருவட்டத் தூரம். பூமியின் மையத்தையே தன் மையமாகக் கொண்டு கோளத்தின்மேல் வரையும் வட்டம் பெருவட்டம், மத்தியகோடும் அப்படியொன்றுதான். இரண்டு இடங்களை இணைக்கும் பெருவட்ட வில்லின் சிறிய பகுதியே தரையோடு ஒட்டிய மிகக் குறுகிய வழி. 'வட்டம்' தமிழா வடமொழியா என்ற வழக்கை இங்கே எடுக்கவில்லை. 'தூரம்' வேண்டாம், 'தொலைவு' என்பவர்களோடும் சண்டையில்லை.

என் சண்டை நேர்கோட்டோடுதான். கட்டுநாயக்கவிலிருந்து ஹீத்ரோவுக்கு உண்மையிலேயே நேர்கோடு இழுத்தால் அது பூமியைத் துளைத்துக்கொண்டு போகும். நடுவழியில் ஏறத்தாழ 1,400 கி.மீ. ஆழம், நீளமும் 8,700 அல்ல, 8,050 அளவில்தான் வரும். விமானத்தில் போகிறவருக்குச் சுரங்கத்தின் அளவு எதற்கு? சுவரில் தொங்கும் உலகப்படத்தில் அடிமட்டம் வைத்து இழுக்கும் கோட்டைத்தான் சொல்கிறோம் என்றால் அதுவும் உதவாது. உருண்டையைத் தட்டையாக்கி, அகலக்கோடுகளையும் நெடுங்கோடுகளையும் நேராக வரையும் மேர்காட்டர் படத்தில் அந்தக் கோடு திசைமாறாப் பாதை, அதாவது திசைகாட்டி முழுவழியும் ஒரே திசையைக் காட்டும் பாதை. பெருவட்டம் அதைவிட வடக்கே வளைந்து செல்லும், நீளமும் குறையும்.

காகத்தைப் பற்றி என்ன சொல்ல? அது நேரே பறக்கும் என்பது ஆங்கிலேயரின் வழக்கு. நம் காகம் விருந்தாளி வருவதைச் சொல்லும், விரதச் சோற்றுக்கு வரும், அது உட்காரப் பனம்பழம் விழும். தூரம் அளந்ததாகத் தமிழில் ஒரு பேச்சும் இல்லை. 'வாசகருக்குப் புரிகிறதே' என்று ஒரு மொழிபெயர்ப்பாளர் வாதாடினார். ஆங்கிலம் தெரிந்தவருக்குப் புரியும், ஐயா; அவருக்கு உங்கள் மொழிபெயர்ப்பே தேவையில்லை.

விமானம் உண்மையில் பறந்து கடப்பது பறப்புத் தூரம். வான்பாதைகள், மூடப்பட்ட வான்பரப்புகள், காற்று எல்லாம் சேர்ந்து அதைப் பெருவட்டத் தூரத்தைவிடக் கூட்டிவிடும். 'பறப்பு' நம் நாட்டு வழக்கில் ஊறிய சொல். அதை விட்டுவிட்டு 'விமானப் பயணிப்பு' என்று எழுதுகிறவர்களின் காதில் என்ன கோளாறோ.

பறப்பு நேரம் என்பது ஓடுபாதையை விட்டு எழுவதிலிருந்து தரையைத் தொடும்வரை. அட்டவணையில் அச்சாகும் நேரமோ தரிப்பிடத்திலிருந்து தரிப்பிடம்வரை. அதைப் பயண நேரம் என்று பிரித்துச் சொல்லலாம். லண்டனுக்கு அது சுமார் 11 மணித்தியாலம். உயரத்தில் மேற்கிலிருந்து வீசும் கடுங்காற்று முதுகில் தள்ளுவதால் திரும்பி வரும்போது பெரும்பாலும் குறையும். அதே துண்டுப்பிரசுரம் குளிர்காலப் பறப்பொன்றுக்குப் பிற்பகல் 1.00 புறப்பாடு, மாலை 6.30 வருகை, 'பயண நேரம் ஐந்தரை மணித்தியாலம்' என்கிறது. இரண்டு ஊர்க் கடிகாரங்களையும் ஒன்றிலிருந்து ஒன்று கழித்திருக்கிறார்கள்.