சீத்தாப்பழம் ஏன் சொட்டையாகக் காய்க்கிறது?

புரட்டாசி வாக்கில் வேலூர்ப் பக்கம் சாலையோரக் கூடைகளில் ஜவ்வாது மலைச் சீத்தாப்பழம் குவிந்துவிடும். நாலைந்து பழத்தைப் புரட்டினால் ஒன்றாவது கோணலாக இருக்கும். ஒரு பக்கம் கண்கள் புடைத்து, மறுபக்கம் அமுங்கி. "இன்னாம்மா, சொட்டையா கீதே?" என்றால், "சாப்ட்டுப் பாருண்ணா, ருசி ஒண்ணுதான்" என்பார் கூடைக்காரம்மா. ருசி ஒன்றுதான், சரி. ஆனால் அந்தச் சொட்டை பூவிலேயே விழுந்தது. (பூச்சி அரித்த கோணல் வேறு கதை.)

சீத்தாப் பூவைப் பலர் பூவென்றே கவனித்திருக்க மாட்டார்கள். இலை மறைவில் தலைகுனிந்து தொங்கும். பச்சை நிறம், தடித்த மூன்று இதழ். பிரித்தால் நடுவே ஒரு சின்னக் குவியல்: பல சூலகங்கள், அவற்றைச் சுற்றி மகரந்தப் பைகள். ஆணும் பெண்ணும் ஒரே பூவில்தான். ஆனால் இரண்டும் ஒரே வேளையில் தயாராவதில்லை.

இதழ்கள் லேசாக விரியத் தொடங்கும்போது பூ பெண். சூலகத்தின் நுனியான சூல்முடி பிசுபிசுவென்று பளபளக்கும். மகரந்தப் பை மூடியே இருக்கும். பிறகு இதழ்கள் அகல விரிந்து மகரந்தம் கொட்டும்போது சூல்முடி பெரும்பாலும் காய்ந்து பழுப்பேறியிருக்கும். வாசனைக்கு நுழையும் குட்டி வண்டு, ஆணாகிவிட்ட பூவிலிருந்து இன்னும் பெண்ணாக இருக்கும் பூவுக்குப் போனால்தான் காரியம் நடக்கும்.

அந்தப் பிசுபிசுப்பில்தான் எல்லாம் இருக்கிறது. மகரந்தத் தூள் அந்த ஈரத்தை உறிஞ்சித்தான் முளைக்கும், குழலை நீட்டிச் சூலைத் தொடும். மொட்டு முற்றாதிருந்தால் ஈரம் ஊறியிருக்காது. பூ முதிர்ந்துவிட்டால் வறண்டிருக்கும். வேலூர் வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டுமா? சித்திரை, வைகாசியில் பூத்தவற்றில் பெரும்பகுதி உதிர்வதும், மழை தொட்ட பிறகு பிஞ்சு பிடிப்பதும் இதனால்தான்.

அப்புறம் சொட்டை. பழத்தின் ஒவ்வொரு கண்ணும் ஒரு தனிச் சூலகம். ஒவ்வொன்றுக்கும் தனியாக மகரந்தம் வேண்டும். கருவுற்ற விதைதான் ஹார்மோன் சுரந்து தன்னைச் சுற்றிச் சதையை வளர்க்கிறது. 1950-இல் நீட்ச் என்ற தாவரவியலாளர் இதை ஸ்ட்ராபெர்ரியில் காட்டினார். மேலே ஒட்டியிருக்கும் விதைகளைப் பிடுங்கிய இடத்தில் சதை வளரவில்லை. ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோனைத் தடவியதும் வளர்ந்தது. சீத்தாவிலும் மகரந்தம் எட்டாத பக்கம் விதையில்லாமல், சதை வளராமல் அமுங்கிவிடுகிறது.

சீத்தாவின் உறவுக்காரப் பழமான அடிமோயாவுக்குத் தைவான் தோட்டங்களில் கையாலேயே மகரந்தம் வைக்கிறார்கள். வீட்டில் ஒரு மரம் இருந்தாலும் செய்யலாம். அகல விரிந்த பூவைக் காகிதத்தில் தட்டித் தூளைச் சேர்த்து, விடியற்காலையில், அரைகுறையாக விரிந்த பூவின் இதழை விலக்கி, மெல்லிய பிரஷ்ஷால் சூல்முடியைச் சுற்றிலும் தடவ வேண்டும். ஒரு பக்கம் மட்டும் தடவினால் சொட்டைப் பழம் கிடைக்க வாய்ப்புண்டு.

அடுத்த முறை கோணல் பழம் கையில் சிக்கினால், பிளந்து அமுங்கிய பக்கத்தை விரலால் துழாவிப் பாருங்கள். அங்கே பெரும்பாலும் கொட்டை இருக்காது.