பவுடர் டப்பாவில் சுகர் ஸ்ட்ரிப்

தங்கச்சிமடத்திலிருந்து வந்த அந்த அம்மா, சுகர் மெஷினை எங்கள் ஆய்வக மேசையில் ஓங்கி வைத்தார். "இதுல பாத்தா 118. நீங்க 190ங்கிறீங்க. எதைத் தம்பி நம்புறது?"

வெறும் வயிறுதான். அவர் மெஷினிலேயே என் கண்ணெதிரே மறுபடி பார்த்தோம்: 121. பிறகு புதிதாகப் பிரித்த டப்பாவிலிருந்து ஒரு ஸ்ட்ரிப் போட்டேன்: 186. மெஷின்மேல் குற்றமில்லை. ஸ்ட்ரிப்புக்கான டப்பாவின் மூடி இறுக்கமாக இருக்கிறதென்று, எல்லாவற்றையும் பழைய பவுடர் டப்பாவில் கொட்டி வைத்திருக்கிறார்!

ஸ்ட்ரிப்பில் ரத்தத்துளி படும் நுனியில் இருப்பது வெறும் அட்டை இல்லை. பெரும்பாலும் கார்பன் மையால் அச்சிட்ட மின்முனை, அதன்மேல் காயவைத்த என்சைம், அதாவது வேதிவினையை வேகப்படுத்தும் புரதம். பல ஸ்ட்ரிப்களில் அது குளுக்கோஸ் ஆக்சிடேஸ், ஆஸ்பர்ஜில்லஸ் நைஜர் என்ற கறுப்புப் பூஞ்சையிலிருந்து எடுப்பது. இது குளுக்கோஸிலிருந்து எலெக்ட்ரானைப் பிடுங்கும். ஆனால் வேலை நடக்கும் இடம் புரதத்துக்குள் ஆழத்தில் கிடப்பதால், எலெக்ட்ரானை வாங்கிக் கார்பனிடம் சேர்க்க ஒரு இடைத்தரகர் வேதிப்பொருள் வேண்டும். அப்படி வந்து சேரும் எலெக்ட்ரானை அளந்துதான் மெஷின் சுகரைச் சொல்கிறது.

அந்தத் தரகரே வேண்டாமென்றுதான் கார்பன் நானோகுழாய்மேல், அதாவது கார்பன் அணுக்களாலான மிக நுண்ணிய குழாய்மேல், ஆராய்ச்சியாளர்களுக்கு ஆசை. 1991இல் ஜப்பானின் சுமியோ இஜிமா எழுதிய கட்டுரைக்குப் பிறகு உலகம் கவனித்த பொருள் அது. ஒற்றைச் சுவர் குழாயின் விட்டம் சுமார் 1 நானோமீட்டர், மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அவ்வளவு மெல்லியது என்சைமின் ஆழத்துக்கே போய் எலெக்ட்ரானை நேரே வாங்கிவிடாதா என்ற நப்பாசை. சிக்கல், என்சைமை அதில் எப்படிக் கட்டுவது என்பதுதான். சும்மா ஒட்டவிட்டால் கழன்றுபோகும். குழாயை அமிலத்தில் பதப்படுத்தி, கார்போடைஇமைடு என்ற இணைப்பு வேதிப்பொருள் கொண்டு வேதிப்பிணைப்பு போட்டால் நிற்கும். முடிச்சு தப்பான இடத்தில் விழுந்தால் என்சைம் உருக்குலைந்து மந்தமாகிவிடும். வள்ளத்தைக் கட்டுகிறவர்களுக்கு இது தெரிந்த சங்கதி, கயிறு தளர்ந்தாலும் தொல்லை, இழுத்துக் கட்டினாலும் தொல்லை. பைரீன் என்ற தட்டையான மூலக்கூறைக் குழாய்ச் சுவரில் படியவைத்து, அதன் மறுமுனையில் என்சைமைப் பிடிப்பது இன்னொரு வழி. எனக்குப் பிடித்தது இதுதான். குழாயின் சுவர் சிதைவதில்லை.

எப்படிக் கட்டினாலும் என்சைம் புரதம்தான். 'நானோ' என்று பெட்டியில் போட்டிருந்தாலும் ஈரமும் சூடும் அதைக் கெடுக்கும். காய்ந்திருக்கும்வரை தாங்கும். பாம்பன் பாலத்து இரும்பை அரிப்பது உப்புக்காற்று. ஸ்ட்ரிப்புக்கு அதிலிருக்கும் ஈரமே போதும். என்சைம் செத்தால் அளவு குறைத்துக் காட்டும், தரகர் வேதிப்பொருள் கெட்டால் கூட்டியும் காட்டலாம்.

அதனால் ஸ்ட்ரிப்பை அதன் டப்பாவிலேயே வையுங்கள், உள்ளே ஈரம் உறிஞ்சும் பொருள் இருக்கிறது. ஒன்றை எடுத்ததும் மூடிவிடுங்கள், திறந்த தேதியை மேலே எழுதுங்கள். ஃபிரிட்ஜ் வேண்டாம், வெளியே எடுத்ததும் வியர்க்கும். வெயிலில் நிற்கும் பைக்கின் பெட்டியும் வேண்டாம். அப்புறம், கருப்பட்டி தொட்ட விரலைக் கழுவாமல் குத்தினால் மெஷின் கருப்பட்டியையும் சேர்த்து அளக்கும்.

அந்த அம்மா 118ஐ நம்பி, இரண்டு வாரமாக மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போட்டிருக்கிறார். ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்து அன்றைக்கே டாக்டரிடம் அனுப்பினேன். மிச்ச ஸ்ட்ரிப்பைக் குப்பையில் போடச் சொன்னதும் முகம் வாடிவிட்டது. "ஒவ்வொண்ணும் காசு தம்பி" என்றார்.