ஃபிளிப்-ஃபிளாப்: பல்டி என்று எழுதினால் சரியா?

2004-இல் நியூயார்க்கில் நடந்த குடியரசுக் கட்சி மாநாட்டில் பிரதிநிதிகள் பலர் ரப்பர் செருப்பைக் கையில் பிடித்து ஆட்டியபடி 'ஃபிளிப்-ஃபிளாப், ஃபிளிப்-ஃபிளாப்' என்று கோஷம் போட்டார்கள். நம்மூர்க் கூட்டத்தில் செருப்பைத் தூக்கினால் அர்த்தமே வேறு. அங்கே அது சிலேடை. கட்டைவிரல் இடுக்கில் வார் மாட்டும் அந்தச் செருப்புக்கு ஆங்கிலத்தில் ஃபிளிப்-ஃபிளாப் என்றுதான் பெயர். நடக்கும்போது எழும் சத்தத்தால் வந்த பெயர். அடிக்கடி நிலைப்பாட்டை மாற்றுகிறவரையும் அதே சொல்லால் கேலி செய்வார்கள். அன்று கேலிக்கு ஆளானவர் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர், செனட்டர் ஜான் கெர்ரி.

சொல் பழையது. முதலில் எதுவோ படபடவென்று அடித்துக்கொள்ளும் ஓசைக்கு வந்தது. அப்புறம் அமெரிக்காவில் வித்தைக்காரர் அடிக்கும் குட்டிக்கரணத்துக்குப் பெயராகி, 19-ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் அரசியலுக்கும் வந்துவிட்டது. மின்னணுவியலிலும் ஒரு ஃபிளிப்-ஃபிளாப் உண்டு. அது இரண்டு நிலைகளில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு, அடுத்த சமிக்ஞை வரும்வரை மாறாமல் நிற்கும் சுற்று. அரசியல்வாதியை அதோடு ஒப்பிட்டால் பாராட்டாகிவிடும்.

நம் பத்திரிகைகள் கைக்கு வந்தபடி 'பல்டி' என்று எழுதிவிடுகின்றன. சூடு போதாவிட்டால் 'அந்தர் பல்டி'. புரளுவது, திரும்புவது என்ற பொருளுள்ள 'பலட்னா' என்ற இந்தி வினையின் உறவுக்காரச் சொல் இது. வித்தைக் களத்திலிருந்து அரசியலுக்கு வந்த கதை இதற்கும் உண்டு. சரி, பல்டி பிடிக்காதவர்கள் 'குட்டிக்கரணம்' என்று போடலாமா? தமிழ் வழக்கில் அது வேறு பக்கம் போய்விட்டது. 'நீ குட்டிக்கரணம் போட்டாலும் நடக்காது' என்றால் எவ்வளவு பாடுபட்டாலும் நடக்காது என்றுதான் அர்த்தம்.

பல்டியிலும் எனக்கு ஒரு குறை உண்டு. பல்டி ஒரே தடவைதான். அடித்தவர் அந்தப் பக்கம் போய் நின்றுவிடுகிறார். ஃபிளிப்-ஃபிளாப் என்றால் இங்கும் அங்குமாகப் போய்வந்துகொண்டே இருப்பது. கெர்ரி கதையைப் பாருங்கள். குவைத்திலிருந்து ஈராக்கை விரட்ட ராணுவத்தைப் பயன்படுத்தும் தீர்மானத்தை 1991-இல் எதிர்த்தார். 2002 அக்டோபரில் ஈராக்மீது படையெடுக்க அதிபர் புஷ்ஷுக்கு அதிகாரம் தரும் தீர்மானம் செனட்டில் 77-23 என்று நிறைவேறியபோது, ஆதரித்த 77 பேரில் அவரும் ஒருவர். மறு ஆண்டே, ஈராக், ஆப்கானிஸ்தான் செலவுக்காக வந்த 8,700 கோடி டாலர் மசோதாவை எதிர்த்தார்.

2004 மார்ச்சில் மேற்கு வர்ஜீனியாவில் இதைப் பற்றிக் கேட்டபோது, 'அந்த 8,700 கோடியை எதிர்த்து வாக்களிப்பதற்கு முன்னால் ஆதரித்துத்தான் வாக்களித்தேன்' என்றார். அது பொய்யல்ல. பணக்காரர்களுக்குக் கொடுத்த வரிச்சலுகையைத் திரும்பப் பெற்று அந்தச் செலவைச் சமாளிக்கலாம் என்ற திருத்தத்தை அவர் ஆதரித்தார். அது தோற்றதும் மூல மசோதாவை எதிர்த்தார். இவ்வளவு விளக்கத்தைத் தேர்தல் நேரத்தில் யார் உட்கார்ந்து கேட்பார்கள்? எதிர்த்தரப்பு அந்த ஒரு வாக்கியத்தை வெட்டி விளம்பரத்தில் போட்டது. பின்னால் வந்த இன்னொரு விளம்பரத்தில், அவர் கடலில் பாய்ப்பலகையில் இப்படியும் அப்படியும் போகும் காட்சியையே ஓட்டினார்கள்.

இதற்கு ஒத்த தமிழ் நம் வாயிலேயே இருக்கிறது: மாற்றி மாற்றிப் பேசுவது. ஃபிளிப்-ஃபிளாப்பில் இருக்கும் இரட்டிப்பு இதிலும் அடுக்காக நிற்கிறது. 'புரட்டிப் பேசுவது' என்றால் வஞ்சகம் ஏறிவிடும். ஃபிளிப்-ஃபிளாப்பில் குற்றச்சாட்டு தடுமாற்றம் மட்டுமே. ஆளைச் சொல்ல ஒரு பெயர்ச்சொல் வேண்டுமென்றால், முடிச்சுமாறி போல 'பேச்சுமாறி' என்று வைத்துக்கொள்ளலாம். கொஞ்சம் காரம்தான், ஆனால் தலைப்பில் அடங்கும்.

இதன் எதிர்ச்சொல்லுக்கு ஆள் தேடினால், அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் உறுப்பினராக இருந்த பார்பரா லீ இருக்கிறார். 2001 செப்டம்பரில், இரட்டைக் கோபுரத் தாக்குதல் நடந்த மூன்றாம் நாள், படைபலத்தைப் பயன்படுத்த அதிபருக்கு அதிகாரம் தரும் தீர்மானம் பிரதிநிதிகள் சபையில் 420-1 என்று நிறைவேறியது. அந்த ஒன்று அவர் வாக்கு. மறு ஆண்டு ஈராக் தீர்மானத்தையும் எதிர்த்தார். அவரைப் பற்றி எழுதும்போது 'நிலைப்பாட்டு நிலைத்தன்மை' என்று நாக்கைச் சுளுக்கிக்கொள்ள வேண்டாம். 'ஒரே பேச்சுக்காரர்' போதும்.