கத்தி எடுக்கிறதுக்கு முன்னாடி தோலைத் தெரிஞ்சுக்கலாம்

கும்பகோணம் கடைத்தெருவுல முந்நூறு ரூவாய்க்கு ஒரு பெல்ட் வாங்குறோம், ஒரு வருஷம் கூட தாங்கல, பக்கிள்கிட்ட மடங்குற இடத்துல வெடிச்சு ஏடு ஏடா உரிஞ்சு வருது, உள்ள பாத்தா துணி, இல்லன்னா தோல் தூளை அமுக்கி ஒட்டின அட்டை. அங்க உரியறது தோல் இல்லீங்க, மேல பூசின பியூ, அதாவது பாலியூரித்தேன்ங்கிற பிளாஸ்டிக். நல்ல தோல் தேயும், கருக்கும், வெடிக்கக்கூட செய்யும், ஆனா இப்படி உரியாது, ஏன்னா மேல இருந்து அடி வரைக்கும் அது ஒரே நார்ப் பின்னல். லெதர் வேலை ஆரம்பிக்கணும்னு வர்றவங்க முதல்ல கேக்குறது என்ன டூல்ஸ் வாங்கணும்னுதான், ஆன்லைன்ல அறுபது பீஸ் கிட்டுன்னு விக்கிறான், அதுல பாதி டப்பாவை விட்டு வெளியவே வராது. அந்த நார் எப்படி கிடக்குதுன்னு புரிஞ்சா எந்தக் கருவி எதுக்கு, எது இல்லாமலே சமாளிக்கலாம்னு தானா விளங்கிடும்.

செருப்பு தைக்கிறவர்கிட்ட கைவிரல் அகலத்துக்கு ஒரு கழிவுத் துண்டு கேட்டு வாங்கி, புது பிளேடால நேரா வெட்டி, அந்த வெட்டுவாயை ஒரு லென்ஸ் வெச்சுப் பாருங்க. முடி இருந்த மேல்பக்கம், கிரெயின்னு சொல்றது, ரொம்ப நெருக்கமா மழமழன்னு இருக்கும். கீழ வர வர நார் தடிச்சு குறுக்கும் நெடுக்குமா ஒண்ணுக்குள்ள ஒண்ணு நுழைஞ்சு கிடக்கும். அடியில சதை ஒட்டியிருந்த பக்கம் பிசிறு பிசிறா. தோலோட பலம் பெரும்பாலும் அந்த நடு நார்லதான், அழகுதான் மேல. அதனால ஒரு துண்டை மெலிசாக்கணும்னா எப்பவும் அடிப்பக்கத்துல இருந்துதான் சீவுவாங்க, அதையும் ஓரத்துல மட்டும், ரொம்ப சீவி கிரெயின் மட்டும் மிஞ்சினா பாக்க நல்லாருக்கும், இழுத்தா கிழிஞ்சிடும்.

இந்த நாரோட பேர் கொலாஜன். தேங்காநார்க் கயிறு திரிக்கிறதைப் பாத்திருப்பீங்க, ஒவ்வொரு புரியையும் ஒரு பக்கமா முறுக்கி, அப்புறம் மூணையும் சேத்து எதிர்ப்பக்கமா முறுக்குவாங்க, அதான் அது பிரியாம நிக்குது. கொலாஜன் மூலக்கூறும் அதேதான், இடப்பக்கம் சுழிஞ்ச மூணு சங்கிலி சேந்து வலப்பக்கமா முறுக்கிக்கிது. இதை 1954ல மாடலா போட்டுக் காட்டினது நம்ம மெட்ராஸ் யுனிவர்சிட்டியில இருந்த ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும், அடுத்த வருஷமே அதை இன்னும் திருத்தினாங்க. 1948ல ஆரம்பிச்ச மத்திய தோல் ஆராய்ச்சி நிலையமும் அதே சென்னையில அடையாறுலதான் இருக்கு. தோலைப் பத்தின பெரிய விஷயம் ஒண்ணு நம்ம பக்கத்துலயே நடந்திருக்கு, நமக்குத்தான் பாடப் புத்தகத்துல ரெண்டு வரிக்கு மேல தெரியாது.

சரி, பச்சைத் தோலுக்கும் லெதருக்கும் என்ன வித்தியாசம்? இதுக்கு தஞ்சாவூருல மிருதங்கம் செய்யுற பட்டறை ஒண்ணுக்குப் போனா போதும். பலாக்கட்டையில ரெண்டு பக்கமும் மூட்டு, அதாவது கை வெச்சு வாசிக்கிற தோல் மூடி, வெச்சு இழுத்துக் கட்டுற வார் எருமைத் தோல், அது பதனிடாத தோல். தண்ணில ஊறப்போட்டு எடுத்தா தொளதொளன்னு வளைஞ்சு குடுக்கும், அப்ப வார் பிடிப்பாங்க, ஒரு காலை முட்டுக்குடுத்து முழு உடம்பையும் போட்டு இழுக்கணும், காஞ்சதும் சுருங்கி இரும்பா இறுகிடும். நாருக்கு நடுவுல தண்ணி இருக்கிற வரைக்கும் நார் ஒண்ணோட ஒண்ணு வழுக்குது, தண்ணி போனதும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்குது, அவ்வளவுதான் விஷயம். ஐப்பசி மழையில மிருதங்கத்துல சுருதி இறங்குறதும் இதே காரணம், ஈரக்காத்தை அந்தத் தோல் குடிச்சிருது. இதுல ஒண்ணு சொல்லியே ஆகணும். தோலைத் தொடுற கைன்னு சொல்லி அந்த மக்களை ஊருக்கு வெளிய தள்ளி வெச்ச டெல்டாதான் அதே கை செஞ்ச வாத்தியத்தை மட்டும் மடியில ஏத்தி வெச்சு வாசிச்சுது. இன்னைக்கு நாம ஹாபின்னு எடுத்துப் பண்ற வேலைக்குப் பின்னாடி அந்தக் கைகளோட அறிவு இருக்கு.

வார் அப்படியே ஈரத்துல கிடந்தா அழுகும். அழுகாம, காஞ்சாலும் விறைக்காம வெச்சுக்கத்தான் பதனிடுறது. ஆவாரம்பட்டை, கடுக்காய் இதுலல்லாம் இருக்கிற டானின், அதான் நாக்குல வெச்சா துவர்க்குதே அந்தச் சரக்கு, நாருக்கு நடுவுல போய் ஒவ்வொரு நாரையும் பிடிச்சுக்கும், அப்புறம் தண்ணி போனாலும் நார் ஒண்ணோட ஒண்ணு ஒட்டாது, பாக்டீரியாவுக்கும் தின்ன முடியாது. ஒரு காலத்துல மெட்ராஸ் மாகாணத்துல இருந்து இப்படி ஆவாரம்பட்டையில பதம் போட்ட தோல் ஈ.ஐ. லெதர், அதாவது ஈஸ்ட் இந்தியா லெதர்னு பேரோட கப்பல் கப்பலா சீமைக்குப் போச்சு, இப்ப அந்த வேலைக்கு பெரும்பாலும் வாட்டில்ங்கிற மரத்தோட பட்டைச் சாறு. இன்னொரு வழி குரோம், அதாவது குரோமியம் உப்பு, நாள் கணக்குல ஆகுற வேலை மணிக்கணக்குல முடியும், தோல் மெத்துன்னு வரும், உலகத்துல விக்கிற தோல்ல பெரும்பகுதி இதுதான். பச்சைத் தோல் 65 டிகிரி கிட்ட சுடுதண்ணில சுருண்டுக்கும், பட்டையில பதம் போட்ட பட்டைத் தோல் 75, 80 வரை தாங்கும், நல்ல குரோம் தோல் கொதிக்கிற தண்ணியவே தாங்கும். நாரை எவ்வளவு கெட்டியா பிடிச்சிருக்குன்னு அந்த நம்பர்லயே தெரியும்.

ஆரம்பிக்கிறவங்க பட்டைத் தோல்தான் வாங்கணும், கடையில வெஜிடபிள் டேன், இல்ல வெஜ் டேன்னு கேளுங்க. குரோம் தோல்ல டிசைன் அடிச்சா நிக்காது, ஓரம் தேச்சா படியாது. வித்தியாசம் கண்டுபிடிக்க வெட்டுவாயைப் பாத்தாலே போதும், பட்டைத் தோல் உள்ள வரைக்கும் ஒரே தவிட்டு நிறம், குரோம் தோல்ல நடுவுல நீலம் கலந்த சாம்பல் கோடு அடிக்கடி தெரியும். சென்னை போறப்ப பெரியமேட்டுல சதுரஅடி கணக்குல கிடைக்கும், முழுத்தோல் வாங்காதீங்க, வெட்டுத்துண்டு கேளுங்க. கார்டு வைக்கிற பர்சுக்கு 1 மில்லிமீட்டர் சுத்தி, பெல்ட்டுக்கு 3ல இருந்து 4 வரை. இன்னொரு விஷயம், மாட்டோட முதுகுப் பக்கம் நார் நெருக்கம், வயித்துப் பக்கம் தளர்வு. அதனால பெல்ட்டை முதுகெலும்பு போற திசையிலயே வெட்டணும், வயித்துத் தோல்ல வெட்டின பெல்ட் நீண்டுக்கிட்டே போகும், தொப்பை வந்துடுச்சுன்னு நாம ஓட்டை மாத்திக்கிட்டே இருப்போம்.

கருவிக்கு வருவோம். கத்தி ஒண்ணு, அதை தீட்டத் தெரியணும், இது ரெண்டும் சேந்ததுதான் முதல் கருவி. மொண்ணைக் கத்தி நாரை வெட்டாது, தள்ளும், ஓரம் வளைஞ்சு வரும், பிசிறு நிக்கும், அப்புறம் எவ்வளவு தேச்சாலும் சரியாகாது. பழைய தோல் துண்டோட அடிப்பக்கத்துல பச்சை பாலிஷ் சோப்பைத் தடவி கத்தியை பின்பக்கமா இழுத்து இழுத்துத் தேச்சா முனை திரும்ப வரும். ஸ்டீல் ஸ்கேல், வெட்ட ஒரு ரப்பர் மேட், ஓரம் சீவும்போது அடியில வைக்க ஒரு கடப்பாக்கல் துண்டு, கல்லு மேலதான் தோல் அமுங்காம நிக்கும், பஸ் ஸ்டாண்டு ஓரத்துல உக்காந்து செருப்பு தைக்கிற அண்ணன் ஏன் பக்கத்துல ஒரு கல்லை வெச்சிருக்காருன்னு அப்பத்தான் புரியும். ஒட்ட செருப்புக் கடை சொல்யூஷன் போதும், ரெண்டு பக்கமும் தடவி, தொட்டா விரல்ல ஒட்டாத அளவுக்கு காயவிட்டு, அப்புறம்தான் சேத்து அமுக்கணும், ஈரத்தோட சேத்தா உள்ள கரைப்பான் மாட்டிக்கிட்டு நாளைக்கே வாயைப் பொளக்கும்.

தையல்தான் இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம், கொஞ்சம் நிதானமா சொல்றேன். துணிக்கு ஊசியே ஓட்டை போட்டுக்கும், தோலுக்கு போடாது, முன்னாடியே குத்தி வெச்சுக்கணும். ரெண்டோ நாலோ ஆறோ பல்லு இருக்கிற ஒரு இரும்பு முள்ளை கோட்டு மேல வெச்சு சுத்தியலால தட்டுறோம், பல்லுக்குப் பல்லு 4 மில்லிமீட்டர் இடைவெளி ஆரம்பத்துக்கு நல்லது. அந்தப் பல்லு உருண்டையா இருக்காது, டைமண்ட் வடிவத்துல இருக்கும், கோட்டுக்கு சாய்வா நிக்கும். ஏன்னா உருண்டை பஞ்ச் தோலை தோண்டி எடுத்துடும், டைமண்ட் முனை நாரை விலக்கி மட்டும் விடும், நூல் போனதும் நார் திரும்ப வந்து நூலைக் கவ்விக்கும். சாய்வு எதுக்குன்னா, எல்லா கீறலும் கோட்டு மேலயே வரிசையா இருந்தா ஒண்ணோட ஒண்ணு சேந்து நீளத்துக்கும் கிழிஞ்சிடும், சாய்ஞ்சு இருந்தா ரெண்டு கீறலுக்கு நடுவுல முழுத் தோல் மிஞ்சும்.

நூல் தையல் நீளத்தைப் போல நாலு மடங்கு எடுத்துக்குங்க, தேன்மெழுகுல ரெண்டு மூணு தடவை இழுத்து, ரெண்டு முனையிலயும் ஒரு ஊசி, முனை மழுங்கின ஊசி. முதல் ஓட்டையில நுழைச்சு ரெண்டு பக்கமும் சமமா நிறுத்திட்டு, அடுத்த ஓட்டையில இடது கை ஊசியை முதல்ல விட்டு கொஞ்சம் இழுத்து, அதே ஓட்டையில வலது கை ஊசியை அந்த நூலுக்குப் பின்னாடி படுற மாதிரி விட்டு, நூலைக் குத்திடாம, ரெண்டு கையாலயும் ஒரே பலத்துல இழுக்கணும். ஒவ்வொரு ஓட்டையிலயும் இதே வரிசை, மாத்துனா அந்த ஒரு தையல் மட்டும் தலை திரும்பி நிக்கும், தூரத்துல இருந்தே தெரியும். பிடிச்சுக்க கிளாம்ப் இல்லன்னா ரெண்டு பலகையை முட்டிக்கு நடுவுல வெச்சு இறுக்கிக்கலாம். மெஷின் தையல்ல மேல் நூலும் கீழ் நூலும் நடுவுல கொக்கி போட்டுக்கிட்டு நிக்கும், ஒண்ணு அறுந்தா பக்கத்துத் தையல் எல்லாம் தளரும். இங்க ஒவ்வொரு ஓட்டையிலயும் நூலோட ரெண்டு முனையும் தனித்தனியா போயிருக்கு, ஒண்ணு தேஞ்சு அறுந்தாலும் இன்னொண்ணு பிடிச்சுக்கும், மெழுகு வேற வழுக்க விடாது. குதிரைச் சேணம் தைச்ச முறைங்கிறதால சேடில் ஸ்டிச்சுன்னு பேரு. கடைசியில ரெண்டு ஓட்டை திரும்பி வந்து நூலை ஒட்ட வெட்டிட்டா போதும், முடிச்சு வேண்டாம்.

ஓரத்தை மழுங்கச் சீவிட்டு, லேசா தண்ணி தொட்டு, ஒரு மரக்கட்டையாலயோ கெட்டியான ஜீன்ஸ் துணியாலயோ வேகமா தேய்ங்க. தேய்க்கிற சூடும் தண்ணியும் சேந்து நார் இளகிப் படிஞ்சு, காஞ்சதும் கண்ணாடியா மின்னும், மேல கொஞ்சம் தேன்மெழுகு.

டிசைன் அடிக்கிறதுலயும் தண்ணிதான் வேலை செய்யுது. தோலை நனைச்ச உடனே அடிக்கக் கூடாது, நிறம் கிட்டத்தட்ட பழைய நிறத்துக்கு திரும்புற வரைக்கும் காத்திருங்க, மேல காஞ்சு உள்ள ஈரம் இருக்கிற நேரம் அது, நகத்தால அழுத்தினா கோடு அப்படியே நிக்கும். காஞ்சதும் நார் அந்த இடத்துலயே பூட்டிக்கும். ஈரத்தோட சித்திரை வெயில்ல தகரக் கூரை மேல மட்டும் போட்டுடாதீங்க, மேல சொன்ன டிகிரி கணக்கு ஈரத் தோலுக்குத்தான், சுருண்டுச்சுன்னா திரும்பாது.

போர் தண்ணில இரும்பு இருந்தா பட்டைத் தோல்ல கரும்புள்ளி விழும். டானினும் இரும்பும் சேந்தா கருப்பு, அவ்வளவுதான் கெமிஸ்ட்ரி. இதையே வேணும்னு செஞ்சா அருமையான கருப்புச் சாயம், வினிகர்ல துருப்பிடிச்ச ஆணியோ இரும்பு உல்லோ, அதான் பஞ்சு மாதிரி மெலிசான இரும்பு நார், சில நாள் ஊறப்போட்டு வடிகட்டித் தடவினா கண்ணு முன்னாடியே கருக்கும், பூசினது இல்ல, நாருக்குள்ளயே உண்டான நிறம், துணியில ஒட்டாது. அப்புறம் ஆப்பசோடா கலந்த தண்ணியால துடைச்சு, கொஞ்சம் எண்ணெய் காட்டணும். இது நமக்குப் புதுசு இல்ல, கும்பகோணம் பக்கம் சிக்கல்நாயக்கன்பேட்டையில கருப்பூர் கலம்காரி எழுதுறவங்க துணியை கடுக்காய்ல ஊறவெச்சு, வெல்லத்தோட புளிக்க வெச்ச இரும்புத் தண்ணியால கருப்புக் கோடு இழுக்கிறது இதே வேலைதான். எலுமிச்சம்பழமோ இரும்புக் கறை இருக்கிற கையோ மட்டும் வேலை நடுவுல தோல் மேல படாம பாத்துக்குங்க.

கடைசியா மழைக்காலம். காத்துல ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேல நாள் கணக்குல நின்னா பூஞ்சணம் வரும், டெல்டாவுல ஐப்பசி கார்த்திகையில அது தினசரி கதை, பட்டைத் தோலுக்கு எண்ணெய் நிறைய தடவி வெச்சா இன்னும் சீக்கிரம் வரும். பிளாஸ்டிக் கவர்ல கட்டி வைக்காதீங்க, பருத்தித் துணியில சுத்தி காத்து போற இடத்துல வைங்க. வெள்ளையா பூத்துச்சுன்னா வீட்டுக்குள்ள தட்டாம வாசலுக்கு எடுத்துட்டுப் போய் காஞ்ச பிரஷ்ஷால துடைச்சு, நிழல்ல காத்தாட விட்டு, முழுசா காஞ்ச பிறகு மத்த பொருளோட சேத்து வைங்க, பூஞ்சண விதை பீரோவுல இருக்கிற பட்டுப்புடவை வரைக்கும் போகும், அப்புறம் வீட்ல தோல் வேலையே வேண்டாம்னு சொல்லிடுவாங்க.