தினமும் போகிற பிள்ளைக்கும் மலச்சிக்கல் வரும்

ஏழு வயதுப் பையன். "எட்டு மாசமா பேதி டாக்டர்" என்று கனமான ஃபைலோடு வந்தார்கள். மலப் பரிசோதனை, வயிற்று ஸ்கேன், அலர்ஜி பேனல் எல்லாம் முடிந்திருந்தது. ஆன்டிபயாடிக் பல ரகம், பூச்சி மருந்து, பேதியை நிறுத்த மருந்து. புரோபயாட்டிக் குப்பிகளுக்குக் கணக்கே இல்லை. நாற்றம் என்று வகுப்பில் யாரும் பக்கத்தில் உட்காருவதில்லை. அப்பா பெல்ட்டை எடுத்திருக்கிறார். "வேணும்னே ஜட்டியிலயே போறான். கேட்டா, தெரியலைங்கிறான்."

வயிற்றின் இடது கீழ்ப்பக்கம் கை வைத்ததும் கெட்டியாக ஒரு கட்டி, தொப்புள் வரைக்கும். அத்தனையும் மலம். பையனுக்கு இருந்தது மலச்சிக்கல். அந்த ஃபைலில் என்னென்னவோ இருந்தது, வயிற்றை அழுத்திப் பார்த்ததாக ஒரு வரி இல்லை. என் துறைக்காரர்கள் கோபித்துக்கொண்டாலும் சரி, மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தபடியே மருந்துச் சீட்டு எழுதினால் இப்படித்தான் ஆகும்.

"தினமும் போறானே, அதுவும் தண்ணியா போறானே, அப்புறம் எப்படி மலச்சிக்கல்?" இதற்குப் பதில் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. இங்கே எழுதிவைக்கிறேன், இனி லிங்க் அனுப்பிவிடலாம்.

போகாமலே இருப்பதுதான் மலச்சிக்கல் என்று நினைக்கிறோம். தினம் கொஞ்சம் போய், மிச்சம் உள்ளேயே சேர்ந்துகொண்டிருந்தால் அதுவும் மலச்சிக்கல்தான். தேங்கிய மலத்திலிருந்து பெருங்குடல் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மலம் இறுகிக் கட்டியாகும். வாய்க்காலில் பாறாங்கல் விழுந்தால் தண்ணீர் நின்றா போகிறது? ஓரத்தில் கசிந்து வரும். மேலிருந்து வரும் இளகிய மலமும் அப்படித்தான் கட்டியைச் சுற்றி வழிந்து ஜட்டியை நனைக்கிறது. நீங்கள் பேதி என்பது அதைத்தான். அதை நிறுத்த மருந்து கொடுத்தால் கட்டி இன்னும் இறுகும்.

"தெரியலை" என்று பையன் சொன்னதும் நிஜம். மாதக்கணக்கில் விரிந்து கிடக்கும் மலக்குடலுக்கு 'இப்போது போக வேண்டும்' என்ற உணர்வே மங்கிவிடும். வழிவது அவனுக்குத் தெரியாது. கூடவே இருந்து பழகிவிடுவதால் நாற்றமும் தெரியாது. தயவுசெய்து அடிக்காதீர்கள். தம்பி தங்கை முன்னால் ஜட்டியைத் தூக்கிக் காட்டித் திட்டாதீர்கள். இந்த ஒன்றை மட்டுமாவது கேளுங்கள்.

இது எங்கே ஆரம்பிக்கிறது? பெரும்பாலும் ஒரு நாள் வலித்ததில்தான். காய்ச்சலுக்குப் பிறகோ, தண்ணீர் குறைந்த வெயில் காலத்திலோ மலம் இறுகி, ஆசனவாய் கிழிந்து, ஒரு சொட்டு ரத்தம் வந்திருக்கும். நீங்கள் மறந்திருப்பீர்கள், பிள்ளை மறக்காது. அடுத்த முறை வரும்போது அடக்கும். இரண்டு வயதுப் பாப்பா கட்டிலைப் பிடித்துக்கொண்டு, காலைப் பின்னிக்கொண்டு, நுனிக்காலில் நின்று, முகம் சிவக்க முக்குவதைப் பார்த்திருப்பீர்கள். "எவ்ளோ முக்குறா பாருங்க, வர மாட்டேங்குது" என்று வீடியோ காட்டுகிறார்கள். அவள் முக்கவில்லை, அடக்குகிறாள். வெளியே தள்ள நினைக்கிற பிள்ளை குந்தும், காலைப் பின்னாது. வீடியோவுக்கு மட்டும் நன்றி, பாதி வேலை அதிலேயே முடிந்துவிடுகிறது.

இன்னொரு காரணம் பால். நான்கு வயதிலும் ஃபீடிங் பாட்டிலில் ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் குடிக்கிற பிள்ளைகள் உண்டு. வயிறு பாலிலேயே நிறைந்தால் சோறும் காயும் எங்கே இறங்கும்? அரை லிட்டருக்கு மேல் தேவையே இல்லை. பாலை நம்பியே வளர்கிற பிள்ளைக்கு இரும்புச்சத்தும் குறைந்திருக்கும்.

ஸ்கேன் பற்றி. "வயித்துல நெறி கட்டியிருக்குன்னு ரிப்போர்ட் வந்திருக்கு, டிபியா?" என்று அழுதுகொண்டே வருகிறார்கள். வேறு அறிகுறி எதுவும் இல்லாத பிள்ளையின் வயிற்றில் சின்னச் சின்ன நெறிகள் தெரிவது சகஜம். நல்ல பிள்ளைகள் பத்துப் பேருக்கு ஸ்கேன் எடுத்தாலும் சிலருக்கு அப்படி வரும். அதை வைத்து டிபி மருந்து ஆரம்பிக்கக் கூடாது. அதேபோல, இணையத்தில் படித்துவிட்டுக் கோதுமையை நிறுத்திவிட்டு வராதீர்கள். கோதுமைப் புரதம் ஒத்துக்கொள்ளாமல் குடலைப் பாதிக்கிற சிலியாக் நோய்க்கான ரத்தப் பரிசோதனை, பிள்ளை கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எடுத்தால்தான் சரியாகக் காட்டும்.

எனக்கு ரிப்போர்ட்டை விட ஒரு பழைய நோட்டு உபயோகம். இரண்டு வாரம் எழுதுங்கள்: எப்போது போனான், எப்படி இருந்தது, வலித்ததா, ஜட்டியில் கறை உண்டா, வயிற்று வலி பள்ளி நாளிலா லீவு நாளிலா. ஆட்டுப் புழுக்கை மாதிரியா, டாய்லெட்டை அடைக்கும் அளவுக்குப் பெரிதாகவா, களியாகவா என்று எழுதினால் போதும். படம் எடுத்தும் வரலாம், நான் முகம் சுளிக்க மாட்டேன். படுக்கையில் சிறுநீர் போவது, அடிக்கடி சிறுநீர்த் தொற்று வருவது இருந்தால் அதையும் எழுதுங்கள். நிறைந்த குடல் சிறுநீர்ப்பையை அழுத்தும்.

பரிசோதனை அவசியப்படும் பிள்ளைகளும் உண்டு. பிறந்து 48 மணி நேரத்துக்குள் முதல் மலம் போகாத குழந்தை, வயிறு உப்பலோடு பச்சையாக வாந்தி, மலத்தோடு கலந்து வரும் ரத்தம், எடையும் உயரமும் ஏறாமல் நிற்பது, தூக்கத்திலிருந்து எழுப்புகிற வலி, விட்டு விட்டுக் காய்ச்சல், கால் பலவீனம். இதில் ஒன்று இருந்தாலும் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு மருத்துவரிடம் போங்கள். குடல் நரம்பே வளராத ஹிர்ஷ்ஸ்ப்ரங் நோய், தைராய்டு குறைவு போன்றவை இப்படித்தான் மாட்டும்.

மற்றவர்களுக்கு வைத்தியம் எளிது, பொறுமைதான் கஷ்டம். முதலில் அடைப்பை எடுக்க வேண்டும். அடைப்போடு கீரையும் கொய்யாவும் திணித்தால் உப்பல்தான் மிஞ்சும். பாலிஎத்திலின் கிளைக்கால் பவுடரை எடைக்குத் தகுந்த அளவில் சில நாள் கொடுத்தால் பெரும்பாலும் இறங்கிவிடும். பிறகு அதையே குறைந்த அளவில் மாதக்கணக்கில் கொடுக்க வேண்டும். இங்கேதான் பாட்டி குறுக்கே வருவார்: "பழகிடும், நிறுத்திடு." பழகாது பாட்டி. அது குடலில் தண்ணீரைப் பிடித்துவைத்து மலத்தை இளக்குகிறது, அவ்வளவுதான். விரிந்த குடல் பழைய அளவுக்குச் சுருங்க மாதங்கள் ஆகும். பத்து நாளில் நிறுத்தினால் பதினைந்தாம் நாள் அதே கட்டி.

கைவைத்தியத்தில் நான் கண்டிப்பாக வேண்டாம் என்பவை சில. தொக்கம் எடுக்கிறேன் என்று வாயிலும் மூக்கிலும் ஊதுவது, வயிற்றைப் பிசைந்து வாந்தி எடுக்க வைப்பது: வாந்தி நுரையீரலுக்குள் போய் உயிருக்கே ஆபத்தாகும். கைக்குழந்தைக்கு வெற்றிலைக் காம்பு, சோப்புத் துண்டு வைப்பதும் வேண்டாம். தாய்ப்பால் மட்டும் குடிக்கிற குழந்தை ஒரு வாரம் போகாவிட்டாலும், நன்றாகப் பால் குடித்து, வயிறு உப்பாமல், மலம் இளக்கமாக வந்தால் அது நோய் இல்லை.

சாப்பிட்டதும் குடல் தானாக அசையும். அதனால் காலை டிபனுக்குப் பிறகும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகும் ஐந்து பத்து நிமிடம் உட்கார வையுங்கள். வெஸ்டர்ன் டாய்லெட் என்றால் கால் ஊன்ற ஒரு ஸ்டூல் போடுங்கள், கால் தொங்கினால் முக்க முடியாது. போனை வெளியே வையுங்கள். வரவில்லையென்றால் எழுந்து வரட்டும், திட்டு வேண்டாம்.

காலை ஏழரைக்கு வேன் வந்தால் இதற்கெல்லாம் நேரம் எங்கே என்று கேட்பீர்கள். நியாயம்தான், அரை மணி முன்னால் எழுப்புவதைத் தவிர வழியில்லை. பள்ளியில் போகலாமே என்றால், தாழ்ப்பாள் இல்லை, தண்ணீர் இல்லை, "இன்டர்வெல்ல போயிருக்க வேண்டியதுதானே" என்கிறார் மிஸ். கேரளப் பள்ளிகளில் 2019-இல் பேசப்பட்ட தண்ணீர் மணி, அதாவது பிள்ளைகளைத் தண்ணீர் குடிக்கச் சொல்லி அடிக்கிற மணி, நல்ல விஷயம். குடித்தது வெளியே போகவும் வழி விட வேண்டாமா? சிகிச்சையில் இருக்கும் பிள்ளைக்குக் கேட்ட நேரத்தில் அனுமதி வேண்டும் என்று பள்ளிக்குக் கடிதம் எழுதித் தருகிறேன். உங்கள் மருத்துவரிடமும் கேட்டு வாங்குங்கள். பையில் ஒரு மாற்று ஜட்டியும் பிளாஸ்டிக் கவரும் வைத்து அனுப்புங்கள், மிஸ்ஸிடம் தனியாகச் சொல்லிவிட்டு.