களிமண்ணின் வலிமையும் சுத்தியல் அடிக் கணக்கும்

அஸ்திவாரத்துக்கு மண் பார்க்கும் இடத்தில் முக்காலிக்குக் கீழே கேட்கும் ‘டங்... டங்...’ சத்தம் எஸ்.பி.டி. (Standard Penetration Test) சோதனையுடையது: துளைக்குள் ஒரு குழாயைச் சுத்தியலால் அடித்து இறக்கி, மண்ணின் உறுதியை அளப்பது. 63.5 கிலோ சுத்தியல் 75 செ.மீ. உயரத்திலிருந்து தடையில்லாமல் விழ வேண்டும். குழாயோடு இணைந்த ராடில் 15 செ.மீ.க்கு ஒன்றாகச் சாக்பீஸால் மூன்று கோடு போடுவார்கள். முதல் 15 செ.மீ. கணக்கில் வராது, துளை போடும்போதே அந்த மண் கலைந்துவிடும். அடுத்த 30 செ.மீ. இறங்க எத்தனை அடி விழுந்ததோ, அதுதான் ‘என்’ மதிப்பு.

மண்ணுருளை ஒன்றைச் சுற்றிலும் பிடிமானம் இல்லாமல் மேலிருந்து அமுக்கினால் எவ்வளவு தாங்கும்? மண் பொறியியல் அறிஞர்கள் டெர்சாகியும் பெக்கும் 1948இல் தந்த அட்டவணைப்படி, என் 8–15 உள்ள விறைப்பான களி 100–200 கிலோபாஸ்கல் தாங்கும். என் 2–4 உள்ள மென்களி 25–50 மட்டுமே. இதில் பாதிதான் வெட்டு வலிமை, அதாவது மண் சறுக்கி உடையாமல் தாங்கும் அளவு. நீர் வடிய நேரமில்லாமல் பாரம் ஏறும்போது இதை வைத்துத்தான் கணக்கு.

விறைப்பான களிக்கு இந்த அட்டவணை ஓரளவு கைகொடுக்கும். மென்களியில் நம்பவே கூடாது. 2 அடி 3 ஆனால் வலிமை ஒன்றரை மடங்காகிவிடுகிறது! அந்த ஓர் அடி கூடுவதற்கு, சுத்தியலைத் தூக்கும் கயிற்றைச் சுழலும் உருளையில் ஒரு சுற்று அதிகம் சுற்றியதே போதும்: சுத்தியல் வேகம் குறைந்து விழும், அடி கூடும், மண் உள்ளதைவிட வலுவாகத் தெரியும். உயரம் குறைந்தாலும், நுனியில் கூழாங்கல் சிக்கினாலும் இதே கதிதான். மூன்றுமே ஆபத்தான பக்கம் தள்ளும் பிழைகள். அதனால் மண்ணோடு மேலே வரும் குழாயைப் பிளந்ததும் மண்ணைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். விரல் சிரமமின்றி உள்ளே போகும் மண்ணுக்கு என் 10 என்று எழுதியிருந்தால், அந்த எண் தவறு.

மென்களிக்குக் கூம்புச் சோதனையே மேல். 10 சதுர செ.மீ. பரப்பும் 60 பாகை முனையும் கொண்ட கூம்பை விநாடிக்கு 2 செ.மீ. வேகத்தில் அழுத்துகிறார்கள், அடியும் இல்லை, அதிர்வும் இல்லை. 6 மீட்டர் ஆழத்தில், நீரழுத்தத் திருத்தத்துக்குப் பின் முனைத் தடை 400 கிலோபாஸ்கல் என்று வைப்போம். மேலிருக்கும் மண்ணின் பாரம் 96. மீதி 304ஐ 14ஆல் வகுத்தால் வெட்டு வலிமை சுமார் 22. ஆனால் அந்த 14 எல்லா மண்ணுக்கும் பொருந்தாது; 10 முதல் 18 வரை மாறும். விடையும் 30இலிருந்து 17 வரை நகரும்.

ஆகவே அதே இடத்தில் இரண்டு மூன்று ஆழங்களில் நான்கு இறக்கை வேனைச் (vane, மண்ணுக்குள் திருகி வெட்டு வலிமையை அளக்கும் கருவி) செருகித் திருகிப் பார்த்து, அந்த மண்ணுக்கான வகு எண்ணைக் கண்டுபிடிக்க வேண்டும். வேன் அளவையும் அப்படியே எடுக்கக் கூடாது: பிளாஸ்டிசிட்டி இண்டெக்ஸ் (மண் குழைவாக இருக்கும் ஈரப்பத வரம்பின் அளவு) 60 உள்ள களியில், 1972இல் நார்வே மண் பொறியியலாளர் பியெரம் தந்த திருத்தப்படி, சுமார் கால் பங்கைக் கழிக்க வேண்டும்.