லெந்து நாட்களில் யார் வீட்டுத் துக்கம்?

பிப்ரவரி பிறந்துவிட்டால் புதுவையிலும் கடலூரிலும் சபை நோட்டீஸ்களில் ஒரு சொல் தலைகாட்டும்: "துக்க நாட்கள் ஆரம்பம்." ஈஸ்டருக்கு முந்திய நாற்பது நாள் நோன்புக் காலமான லெந்தைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். பேச்சில் அது இன்னும் இறுகி, "லெந்துல கல்யாணம் வைக்கக் கூடாது, துக்க மாசம்" என்று தீர்ப்பாகவே வந்துவிடும். மெதடிஸ்ட், லுத்தரன், தென்னிந்தியத் திருச்சபை என்ற வேறுபாடில்லாமல் புழங்குகிற இந்தச் சொல் தவறு. தவறு சொல்லோடு நின்றாலும் போகட்டும் என்று விடலாம். நாள் எண்ணுவதிலிருந்து பீடத்துத் துணியின் நிறம் வரைக்கும் அது போய்க் குழப்புகிறது.

முதலில் பிறப்பு. லெந்து லத்தீன் சொல் என்று பிரசங்கத்தில் சொல்வதுண்டு, அது சரியில்லை. பழைய ஆங்கிலத்தில் இளவேனிலுக்கு 'லெங்க்டன்' என்று பெயர். பகல் நீள்கிற பருவம், அதனால் நீளத்தைக் குறிக்கும் சொல்லோடு அதற்கு உறவு. டச்சு மொழியில் இன்றைக்கும் 'லென்டெ' என்றால் இளவேனில்தான். லத்தீனில் இந்தக் காலத்தின் பெயர் 'குவாட்ரகேசிமா', கிரேக்கத்தில் 'டெஸ்ஸரகோஸ்டே'. இரண்டுக்கும் பொருள் 'நாற்பதாவது'. 325-இல் ஆயர்கள் கூடிய நிசேயா சங்கத்தின் 5-ஆம் விதியில் அந்தக் கிரேக்கச் சொல் இருக்கிறது. புதுவையில் பிரெஞ்சு புழங்கும் வீடுகளில் காதில் விழுகிற 'கரேம்' என்பதும் அந்த லத்தீன் நாற்பது தேய்ந்து வந்த வடிவமே. மற்றவர்கள் எண்ணைப் பெயராக வைத்தார்கள், ஆங்கிலேயர் பருவத்தைப் பெயராக வைத்தார்கள், நமக்கு ஆங்கிலத்தின் கை வழியாக வந்தது. அவ்வளவுதான்.

'லென்ட்', 'லெண்ட்' என்று இப்போது அச்சடிப்பவர்களை விட, 'லெந்து' என்று எழுதிய பழையவர்களுக்குக் காது நன்றாக இருந்திருக்கிறது. வல்லின மெய்யில் சொல்லை முடிக்காமல் ஓர் உகரம் சேர்த்து, நாக்குக்கு இதமாக்கிக் கொடுத்தார்கள். லகரம் சொல்லுக்கு முதலில் வராது, 'இலெந்து' என்றல்லவா எழுத வேண்டும் என்று இலக்கணம் பேசுபவர் கேட்கலாம். அப்படி எழுதினால் யாருக்கும் புரியாது, விட்டுவிடலாம்.

சொற்பிறப்பைக் கேட்டவுடன் "லெந்து என்றால் வசந்தம், ஆகவே இது ஆத்துமாவின் வசந்த காலம்" என்று கிளம்புகிறவர்களும் உண்டு. இங்கிலாந்தில் பனி உருகி மொட்டு விடுகிற மாதம் அது. கடலூரிலோ மாசி. மாசிப்பனி மச்சைத் துளைத்துவிட்டுப் போனதும் நேரே வெயில்தான். சொல் பிறந்த ஊரின் தட்பவெப்பத்தை நாமும் மொழிபெயர்க்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

இனி 'துக்க நாட்கள்'. தமிழில் துக்கம் என்ற சொல்லுக்கு ஒரு வீடு இருக்கிறது. துக்க வீடு, துக்கம் விசாரிக்கப் போவது, துக்கம் கழிவது. அந்த வீட்டில் ஒருவர் இறந்திருக்க வேண்டும். துக்கம் சாவுக்குப் பின்னால் வருவது. லெந்து வருவதோ பெரிய வெள்ளிக்கு முன்னால். நடக்கப்போகிற சாவுக்கு ஆறு வாரம் முன்கூட்டியே துக்கம் காப்பது எந்த ஊர் வழக்கம்? அதுவும் உயிர்த்தெழுந்தார் என்று ஞாயிறுதோறும் அறிக்கை செய்கிற சபையில்!

இந்தக் குழப்பம் 'பாடுகள்' என்ற நல்ல சொல்லிலிருந்து கிளம்பியிருக்கும் என்பது என் ஊகம். 'படு' என்ற வினையிலிருந்து வந்த 'பாடு', கிறிஸ்து பட்டதைச் சொல்வதற்கு மிகப் பொருத்தம். ஆனால் பாடுகளின் காலம் என்று மரபாகச் சொன்னது கடைசி இரண்டு வாரங்களை, அதாவது லெந்தின் 5-ஆம் ஞாயிற்றிலிருந்து. அதை முன்னுக்கு இழுத்து, நெற்றியில் சாம்பல் பூசி லெந்தைத் தொடங்கும் சாம்பல் புதன் வரை நீட்டி, பிறகு 'பாடு' என்பதையும் 'துக்கம்' என்று உரைபெயர்த்தால் இப்போது நோட்டீஸில் இருப்பது கிடைத்துவிடும். லெந்து தொடங்கிய காரணமே வேறு. ஈஸ்டரில் ஞானஸ்நானம் பெறப்போகிறவர்களை ஆயத்தப்படுத்தும் காலமாக ஆதிச் சபை இதை வைத்திருந்தது. மனந்திரும்புதலும் பயிற்சியும்தான் அதன் உள்ளடக்கம். தேர்வுக்குப் படிக்கிற பிள்ளையின் மார்ச் மாதத்தோடு ஒப்பிடலாமே ஒழிய, பதினாறாம் நாள் காரியத்தோடு ஒப்பிட முடியாது.

எண்ணிக்கையைப் பாருங்கள். 2027-இல் சாம்பல் புதன் பிப்ரவரி 10, ஈஸ்டர் மார்ச் 28. பிப்ரவரி 10 முதல் மார்ச் 27 சனி வரை 46 நாள். நடுவில் 6 ஞாயிறு. கழித்தால் 40. ஞாயிறு ஒவ்வொன்றும் ஒரு சிறிய உயிர்ப்புத் திருநாள் என்பதால் கணக்கில் சேராது. துக்கம் என்று சொல்லிப் பழகியவர்களுக்கு இந்த விடுமுறை புரிவதே இல்லை; துக்கத்துக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு உண்டா? அதனால் இடைவிடாமல் 40 எண்ணிவிடுகிறார்கள். புதன் தொடங்கி இடைவிடாமல் 40 எண்ணினால், எந்த ஆண்டானாலும் கணக்கு ஈஸ்டருக்கு முந்திய குருத்தோலை ஞாயிற்றில் போய் முடியும். தினம் ஒரு வீடாக 40 வீட்டு ஜெபம் என்று பட்டியல் போடும் சபைகளில் அதற்கடுத்த பரிசுத்த வாரத்துக்கு வீடே மிஞ்சாமல் போவது இதனால்தான். தியானப் பக்கங்கள் 40-ஐ அச்சிட்டுக் கொடுத்தாலும் இதே கதி. பட்டியல் போடும்போதே நாட்காட்டியில் 6 ஞாயிற்றையும் அடித்துவிட்டு எண்ண வேண்டும்.

நிறமும் அப்படியே. துக்கம் என்றதும் கறுப்புத் துணி எடுத்துவிடுகிறார்கள். லெந்துக்குரியது கத்தரிப்பூ நிறம்; மனந்திரும்புதலுக்கும் அது, அரசனின் அங்கிக்கும் அது. கறுப்பு பெரிய வெள்ளிக்கு மட்டும். ஜவுளிக் கடையில் 'வயலெட்' என்று கேட்டால் நீலம் ஓங்கிய துணியை எடுத்துப் போடுவார்கள், டியூப் லைட்டில் அது கருநீலமாகத் தெரியும். 'கத்தரிப்பூ கலர்' என்று தமிழில் கேட்டால் தகராறு இல்லை.

கல்யாணத்துக்கு வருவோம். லெந்தில் மணவினை நடத்தாதது மேலைத் திருச்சபையின் பழைய விதி. விருந்தும் மேளமும் நோன்போடு ஒத்துப்போகாது என்பதே அதன் நியாயம். துக்கம் என்ற காரணம் வந்த பிறகு, "தீட்டு" என்ற நினைப்பும் கூடவே வந்து உட்கார்ந்துகொண்டது. நிச்சயதார்த்தம் பேசலாமா, புதுவீட்டில் ஜெபம் வைக்கலாமா, பிள்ளைக்குப் பெயர் வைக்கலாமா என்று போதகரிடம் கேள்வி மேல் கேள்வி. நல்லநாள் பார்ப்பதை விட்டுவிட்டோம் என்று சொல்லிக்கொள்கிற சபைக்குள், கெட்ட நாள் பார்ப்பது லெந்து வழியாகப் பின்வாசலில் நுழைந்திருக்கிறது. இது சொல்லின் வேலை.

மெதடிஸ்டுகளிடம் இது நடப்பது கூடுதல் வேடிக்கை. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1784-இல் அமெரிக்க மெதடிஸ்டுகளுக்கென்று வழிபாட்டு நூலைச் சுருக்கித் தந்தபோது, பெரும்பாலான திருநாட்களை இப்போதைக்குப் பயனில்லை என்று நீக்கியவர். அதே வெஸ்லி ஆக்ஸ்போர்டு நாட்களில் புதனும் வெள்ளியும் பிற்பகல் 3 மணி வரை உண்ணாதிருந்தவர். பின்னாளில் வெள்ளிக்கிழமை உபவாசத்தைத் தம் பிரசங்கிமாரிடமும் எதிர்பார்த்தார். நாளைக் கொண்டாடுவதை விட ஒழுங்கைக் கைக்கொள்வதில் அவருக்கு அக்கறை. உபவாசம் அவருக்குக் கிருபையின் சாதனங்களில், அதாவது கடவுளின் அருள் வந்து சேரும் வழிகளில், ஒன்று; ஏழைக்குக் கொடுப்பதும் நோயாளியைப் போய்ப் பார்ப்பதும் அதோடு சேர்ந்தவை. அந்தப் பட்டியலில் துக்கம் இல்லை.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? நோன்பு. என்னைக் கேட்டால் இதற்கு மேல் தேட வேண்டியதில்லை. 'நோல்' என்ற வேரிலிருந்து வந்தது; நோற்றல், நோன்றல் எல்லாம் அதன் கிளைகள். அடிப்படைப் பொருள் பொறுத்தல், தாங்குதல். பட்டினி என்ற பொருள் பிற்பாடு ஒட்டிக்கொண்டது. திருக்குறளின் பொறையுடைமை அதிகாரத்தைப் பார்த்தால் விளங்கும்:

"உண்ணாது நோற்பார் பெரியர் பிறர்சொல்லும்
இன்னாச்சொல் நோற்பாரின் பின்."

நோற்பது என்றாலே உண்ணாமை என்றால், வள்ளுவர் 'உண்ணாது' என்று தனியாகச் சொல்லியிருக்க வேண்டாம். அடுத்த அடியில் சுடுசொல்லைப் பொறுப்பதற்கும் அதே 'நோற்பார்'தான். "நாங்க சாப்பாட்டை விடுறதில்லை, நோன்புன்னு எப்படிப் போடுறது?" என்று தயங்குகிறவர்களுக்கு இந்தக் குறளே பதில். சபைக் கமிட்டிக் கூட்டத்தில் ஒருமுறை பதில் பேசாமல் உட்கார்ந்திருப்பதும் நோன்பில் சேரும், கடினமான வகையில்.

அது இந்துச் சொல், முஸ்லிம் சொல் என்ற தயக்கம் இன்னொன்று. பரங்கிப்பேட்டையில் ரமலானுக்கு நோன்புக் கஞ்சி காய்ச்சுகிறார்கள். மாசியும் பங்குனியும் சந்திக்கும் நாளில் காரடையான் நோன்பு வருகிறது. அது எந்த ஆண்டும் லெந்துக்குள்தான் விழும். 2026-இல் ரமலானும் சாம்பல் புதனும் ஒரே வாரத்தில் தொடங்கின. பக்கத்து வீட்டார் எல்லாருக்கும் ஒரே சொல்லால் விளங்குகிற ஒன்றை, நாம் மட்டும் பெயர் மறைத்து வைத்துக்கொள்வானேன்? கத்தோலிக்கரும் சேர்ந்து உருவாக்கிய 1995-ஆம் ஆண்டு வேதாகமப் பொது மொழிபெயர்ப்பு தயங்காமல் நோன்பு என்றே எழுதியது.

'உபவாசம்' நம் பழைய வேதாகம மொழிபெயர்ப்பின் சொல், மதிப்புக்குரியது. ஆனால் மெதடிஸ்ட் வழக்கில் அது வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தோடு கட்டுண்டுவிட்டது: காலை 10 மணிக்குத் தொடங்கி மதியச் சாப்பாட்டில் முடிகிற அரைநாள். நாற்பது நாளை அது தாங்காது. கத்தோலிக்கரின் 'தவக்காலம்' நல்ல தமிழ். முன்பு 'தபசு காலம்' என்றிருந்ததை விட மேல். வள்ளுவரே தவத்துக்கு உருவம் சொல்லும்போது "உற்றநோய் நோன்றல்" என்று நோன்பின் வேரைத்தான் தொடுகிறார். புதுவையில் ஒரே குடும்பத்தில் பாதிப்பேர் தவக்காலம் என்றும் பாதிப்பேர் லெந்து என்றும் சொல்வது சகஜம், அதனோடு எனக்குச் சண்டையும் இல்லை. தவம் என்றதும் காடும் முனிவரும் வரமும் நினைவுக்கு வருகின்றனவே, தவம் செய்து வரம் வாங்குவது கிருபையைப் பிரசங்கிக்கிற சபைக்குப் பொருந்துமா என்பது மட்டும் என் தயக்கம்.

சாம்பல் புதனுக்கும் இந்தப் பாடுதான். 'விபூதிப் புதன்' போய்க் கத்தோலிக்கரிடம் 'திருநீற்றுப் புதன்' வந்தது. நீறு அழகான சொல், சைவ வாசனைக்கு அஞ்சி நம்மவர்கள் தொடவில்லை. அஞ்சியவர்கள் சிலர், பூஜைக் கடை விபூதிப் பொட்டலத்தையே வாங்கிப் பூசுகிறார்கள் என்பதுதான் விசித்திரம்! போன ஆண்டுக் குருத்தோலையை எரித்துச் செய்வதே முறை. இரண்டு மூன்று நாள் வெயிலில் முறுகக் காயவைத்து, பழைய இரும்புச் சட்டியில், திறந்த வெளியில் எரிக்க வேண்டும். ஈரம் இருந்தால் புகைந்து கரியாகும். ஆறியதும் நுணுக்கி மெல்லிய துணியில் சலித்தால், ஒரு தேக்கரண்டி ஏறக்குறைய நூறு பேருக்கு வரும். குழைக்கச் சில சொட்டு எண்ணெய் போதும். தண்ணீர் கூடாது. சாம்பலின் காரம் தண்ணீரில் கரைந்து நெற்றித் தோலை எரிக்கும்.

மொழிபெயர்ப்பாளர்களைச் சொல்லாமல் விட முடியவில்லை. ஆங்கிலத்தில் கடன் கொடுத்ததைக் குறிக்கும் வினைக்கும் இதே எழுத்துகள்தான். வாழ்த்து அட்டையை யோசிக்காமல் இயந்திரத்திடம் கொடுத்தால் சபை முழுவதும் நாற்பது நாள் கடன்காரராக நிற்க நேரும். "லெந்து நாட்கள் வாழ்த்துகள்" என்று ரோஜாப் பூப் போட்டு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்களும் "துக்க நாட்கள்" என்று நோட்டீஸ் அடிக்கிறவர்களும் பெரும்பாலும் ஒரே ஆட்கள். துக்கத்துக்கு வாழ்த்துச் சொல்லும் சமுதாயம் உலகில் வேறெங்கும் இருக்காது. நாளிதழ்களோ 'தவக்காலப் பண்டிகை' என்று போட்டு வைக்கின்றன. இறைச்சியை விட்டுவிட்டு வஞ்சிரத்துக்கு மாறுவதை நோன்பு என்கிறோமே, ஒருவேளை அதைப் பார்த்துவிட்டுத்தான் பண்டிகை என்று எழுதினார்களோ என்னவோ. ஈஸ்டர் தள்ளிப்போய் ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலமும் தொடங்கிவிட்ட 2025 போன்ற ஆண்டுகளில், கடலூர் துறைமுகமே அந்த வகை நோன்பை முடித்து வைத்துவிடும்.

பேச்சில் லெந்து என்றே சொல்லிக்கொள்ளலாம். இத்தனை தலைமுறை புழங்கிய சொல்லைத் துரத்த வேண்டாம். அச்சில் வரும்போது 'நாற்பது நாள் நோன்பு' என்று போட்டால் கிரேக்கத்தின் எண்ணும் தமிழின் வேரும் சேர்ந்து வரும். கைப்பிடி அரிசிப் பையிலும் காணிக்கை உறையிலும் இடம் குறைவாக இருந்தால் 'நோன்புக் காணிக்கை' போதும். தினமும் இரண்டு டீயை விட்டு, டீக்கு 15 ரூபாய் வீதம் உறையில் போட்டால் 40 நாளில் 1,200 ரூபாய். 46 நாளுக்குக் கணக்குப் போட்டு 1,380 கேட்கிற பொருளாளரிடம், ஞாயிற்றுக்கிழமை டீ குடிக்கலாம் என்று சொல்லிவிடுங்கள்.